பிள்ளையை வாட்டிய நீல விளக்கு

போன மாதம் சொந்தத்தில் ஒரு பிள்ளை பிறந்து, மஞ்சள் கண்டு, ஆஸ்பத்திரியில் விளக்கடியில் கிடக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். போனவன் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். கை கேட்கவில்லை. புறங்கையை நீட்டி விளக்கின் மூடியைத் தொட்டுவிட்டேன்.

"அங்கிள்! என்ன செய்றீங்க? கைய எடுங்க!"

அந்த வார்டின் சின்ன மிஸ்ஸி ஓடி வந்தாள். எங்கள் பக்கத்தில் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.

"சூடு இருக்கான்னு பாத்தேன் மகள்."

"இது எல்.ஈ.டீ. லைட்டு அங்கிள். சூடே வராது. நீங்க எந்தக் காலத்து ஆளு?"

எந்தக் காலத்து ஆள் என்று சொன்னேன். ஓய்வு பெற்ற தாதி, அதுவும் இதே வேலையில் இருந்தவன் என்று தெரிந்ததும் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. தங்கள் சங்க மலருக்குப் பழைய விளக்குகளைப் பற்றி எழுதித் தரவேண்டும், சிரிப்பாக எழுதவேண்டும் என்று கேட்டாள். சிரிப்பாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த விளக்கை நினைத்தால் முதலில் வருவது பயம். சிரிப்பு அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டுதான் வருகிறது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊசி போட்டால் நோயாளி மயங்கி விழுவது உலக வழக்கம். எங்கள் வகுப்பில் ஊசி போட்டவன் விழுந்தான். அது நான். முதல் வேலை பல்லேகமப் பக்கம். அங்கே பஸ் வரும் நாளில் யானை ரோட்டில் நிற்கும், யானை இல்லாத நாளில் பஸ் வராது, ஆகவே எனக்குக் கிடைத்த அனுபவம் எல்லாம் காத்திருப்பதில்தான். பிறகு மாவட்டத்திலேயே கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஆள் பற்றாக்குறை. என்னைத் தூக்கிப் பிள்ளை பெற்ற தாய்மார் வார்டில் போட்டார்கள்.

என்னைப் பாராதவர்களுக்குச் சொல்லவேண்டும்: ஆள் பெரிய உருவம். கை இரண்டும் மண்வெட்டி. அந்த வார்டில் என்னைத் தவிர ஆண்கள் எல்லோரும் இரண்டு மூன்று கிலோ நிறையில் தொட்டிலில் கிடந்தார்கள். தோட்டத்துப் பெண்களுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மிஸ்ஸி என்றால் பொம்பிளை. ஐயா என்றால் ஆபீசு. இரண்டையும் ஒட்டி "மிஸ்ஸி ஐயா" என்றார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான் என் பட்டம்.

எனக்குப் பிள்ளைகளைத் தூக்கப் பயம். அந்தப் பயத்தை மறைக்கச் சத்தம் போடுவேன். வராந்தாவில் வரும்போதே யாரையாவது பகிடி பண்ணிக்கொண்டு, பாதிப் பாட்டும் பாதிச் சிரிப்புமாக வருவேன். நான் வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே என் குரல் நுழைந்து எல்லாக் கட்டிலையும் விசாரித்துவிட்டு வரும்.

வார்டுக்குப் பொறுப்பு குசுமா சிஸ்டர். தாய்மாருக்குப் பெரிய மிஸ்ஸி. மெலிந்த உருவம், றப்பர் செருப்பு, நடந்தால் சத்தமே கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார். அவர் பேசியது சிங்களத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். என்னை மல்லி என்று கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். கோபம் வந்தால் மல்லி போய்விடும், வெறும் சவரி என்ற என் பெயர் மட்டும் மிஞ்சும்.

விளக்கைப் பற்றி அவர் எனக்குச் சொல்லித்தந்தது இவ்வளவுதான். "மல்லி, இந்த லைட்டு மஞ்சளயும் எடுக்கும், தண்ணியயும் எடுக்கும். மஞ்சள் எடுக்கிறது ரத்தத்தில தெரியும். தண்ணி எடுக்கிறது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததுக்குத்தான் நீ பயப்படணும்."

அப்போதிருந்தவை நீலக் குழல் விளக்குகள். ஒரு மூடிக்குள் வரிசையாக எரியும். கீழே பிள்ளையை உடுப்பில்லாமல், கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படுக்க வைப்போம். பிறந்த பிள்ளையின் தோல் மெல்லியது. மாதம் நிறையாமல் பிறந்ததென்றால் இன்னும் மெல்லியது. அந்தச் சூட்டில் தோல் வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும். வியர்வை கிடையாது, துணி நனையாது, ஒன்றும் தெரியாது. பின்னேரம் நிறுத்துப் பார்த்தால் காலையில் இருந்த பிள்ளையில் கொஞ்சம் காணாமல் போயிருக்கும்.

அதற்காகவே சிஸ்டர் ஒவ்வொரு விளக்கிலும் ஒரே ஒழுங்கில்தான் கை வைப்பார். முதலில் புறங்கையால் விளக்கின் மூடியைத் தொடுவார். அடுத்து, நுனியில் முடிச்சுப் போட்ட ஒரு கட்டுத்துணியை விளக்கிலிருந்து தொங்கவிட்டு, முடிச்சு பிள்ளைக்கு மேலே எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். கிட்ட வந்தால் பிள்ளை காயும், தள்ளிப் போனால் மஞ்சள் இறங்காது. பிறகு பிள்ளையின் பாதம். பிறகு உச்சிக்குழி பள்ளமாகிவிட்டதா என்று ஒரு விரல். கடைசியாக வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விடுவார். கிள்ளிய இடம் உடனே பழையபடி ஆகவேண்டும். கொஞ்சம் நின்று யோசித்து ஆனால் அவருடைய முகம் மாறும். அந்த முகத்துக்கு டொக்டர்மாரே பயந்தார்கள். நான் பயந்ததில் அதிசயமில்லை.

தமயந்தியின் பிள்ளை அந்தக் காலத்தில்தான் எங்கள் கைக்கு வந்தான்.

றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். முதல் பிள்ளை, கலியாணம் முடித்துக் கனகாலம் கழித்துக் கிடைத்தது, நாளுக்கு முந்திப் பிறந்தது. பிறந்த மறுநாளே மஞ்சள் கண்டது. தாயின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விளக்கைப் போட்டோம். முதல் நாள் மஞ்சள் கொஞ்சம் நின்றது, நிறையும் கொஞ்சம் குறைந்தது. இரண்டும் எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. விளக்கு எரிகிறது, பிள்ளை அடியில் கிடக்கிறது, மஞ்சளோ ஏறுகிறது. இரத்தம் எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கூடுகிறது. பிள்ளை தூங்கித் தூங்கிப் பால் குடிக்க மறந்துவிட்டான். வாய் காய்ந்திருந்தது. முந்தின நாள் பின்னேரத்திலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை.

காலையில் டொக்டர் வந்தார். சின்ன வயது, நல்ல பெடியன், இரவு முழுக்கக் கண்விழித்தவர். வரைபடத்தில் ஒரு கோடு இருக்கிறது. மஞ்சள் அந்தக் கோட்டைத் தாண்டினால் விளக்கு போதாது. தொப்புள் வழியாகக் குழாய் விட்டுப் பிள்ளையின் இரத்தத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக எடுத்து, வேறு இரத்தம் ஏற்றவேண்டும். அதற்குக் கண்டிக்கு அனுப்பவேண்டும்.

"கோட்டுக்குக் கிட்ட வந்துட்டான்," என்றார் டொக்டர். "லைட்டுக்கு ஏன் கேக்கலன்னு எனக்கு விளங்கல. ரத்தம் உள்ளுக்குள்ள உடையுதோ தெரியாது. அம்புலன்ஸுக்குச் சொல்லி வையுங்க."

படிக்கும் காலத்தில் மஞ்சள் மூளைக்கு ஏறிய ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். வில்லாக வளைந்து கிடந்தது. அழுகை பிள்ளை அழுகையாகவே இல்லை, ஊசி போலக் கூராக வந்தது. அந்தப் பிள்ளை பிழைத்தது. ஆனால் அதற்குக் காது கேட்கவில்லை, கழுத்து நிற்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பிள்ளை அழுதாலும் நான் முதலில் சுருதியைத்தான் கேட்பேன். என் சங்கீத ஞானம் முழுக்க அந்த ஒரு பயத்தில் வந்தது.

டொக்டர் போனதும், வழக்கமான நேரத்துக்கு முந்தியே, சிஸ்டர் தமயந்தியின் கட்டிலுக்கு வந்தார். வழக்கம்போல முதலில் புறங்கை மூடியில். எடுத்தார். மறுபடி வைத்தார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் வைத்தார்.

"மல்லி. தொட்டுப் பார்."

தொட்டேன். இரவெல்லாம் எரிந்திருக்கவேண்டிய விளக்கு மண்பானை மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. உள்ளே நீல வெளிச்சம் பளபளவென்று எரிகிறது.

"கரண்ட் போயிருக்கும் சிஸ்டர்."

"பக்கத்து லைட்டைத் தொடு."

தொட்டேன். சுட்டது. தமயந்தியைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள்.

சிஸ்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "நீ வாசல் கேற் வரைக்கும் போ. அங்கயிருந்து எப்பவும் வர்ற மாதிரி வா."

"எப்பவும் எப்படி வாறேன் சிஸ்டர்?"

"கழுதை மாதிரி கத்திக்கிட்டு."

போனேன். திரும்பி வந்தேன். உயிர் பயத்தில் சிரித்துக்கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது. வாசல் காவல்காரரைப் பார்த்து ஏதோ பகிடி விட்டேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

வார்டுக்குள் நுழைந்தபோது சிஸ்டர் பக்கத்துக் கட்டில் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். தமயந்தி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள்.

"நீ போனதும் லைட்ட அணைச்சா," என்றார் சிஸ்டர். "வராந்தாவில உன் சத்தம் கேட்டதும் போட்டா."

இதுதான் விஷயம். அவளுக்கு வேறு காவல் தேவைப்படவில்லை. நான் பகலில் வந்தால் ஊரே கேட்கும். இரவு முறைக்கு வருபவர்களோ கையில் டோர்ச் அடித்துக்கொண்டு சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வருவார்கள். சத்தமில்லாமல் வரும் ஒரே ஆள் குசுமா சிஸ்டர். அவர் வரும் நேரம் ஒன்றுதான், அதைச் சுவர்மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லலாம்.

"ஏம்மா? ஏன் அணைச்சீங்க?" என்று கேட்டேன்.

அவள் விம்மி விம்மிச் சொன்னாள். "அவரு சொன்னாரு மிஸ்ஸி ஐயா. பிள்ளைய வாட்டுறாங்கன்னு சொன்னாரு."

அவளுடைய புருஷன் செல்வம் தோட்டத்து ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அதன் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு ஈரத்தை எடுப்பதுதான் அவன் வேலை. அதற்குப் பெயர் வாட்டுவது. வாடமுன் நிறுப்பார்கள், வாடியபின் நிறுப்பார்கள். பார்க்க வந்த அன்று அவன் கண்டது என்ன? பிள்ளையைப் பரப்பிப் போட்டிருக்கிறது. மேலே சூடு. காலையும் மாலையும் நிறுக்கிறார்கள். நிறை குறைகிறது. குறைந்ததை எழுதிக்கொண்டு தலையாட்டுகிறார்கள். அவனுக்கு வேறு என்ன விளங்கும்?

"வாட்டம் கூடினா கொழுந்து ஒடஞ்சு தூளாப் போயிருமாம். அப்பப்ப காத்த நிப்பாட்டணுமாம். அதனால யாரும் இல்லாதப்ப லைட்ட ஓஃப் பண்ணச் சொன்னாரு. நான் போட்டுப் போட்டு அணைச்சேன். எம் பிள்ள காஞ்சு போயிருவானோன்னு பயமா இருந்துச்சு ஐயா."

நான் சிஸ்டருக்குச் சிங்களத்தில் சொன்னேன். வாட்டுவது என்ற சொல்லுக்கு வந்ததும் கொஞ்சம் தடுமாறிவிட்டு, மெலவெனவா, வாடுவது என்றேன். ஏச்சு விழும் என்று நின்றேன். சிஸ்டர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"அவன் சொன்னதில பொய் இல்லையே," என்றார். "வாடித்தான் இருக்கான்."

பிறகு மூச்சுவிட நேரமில்லை. இரத்தம் மறுபடி எடுத்து அனுப்பினோம். விளக்கைச் சரியான உயரத்தில் வைத்து எரியவிட்டோம். தமயந்தியைப் பால் பீச்சச் சொன்னார் சிஸ்டர். குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டார், பால் கொடுக்கும்போதும் அவனை வெளிச்சத்திலிருந்து எடுக்கவில்லை. ஆயினும் இரண்டு பக்கமும் பள்ளம். விளக்கை வைத்தால் இன்னும் காய்வான். விளக்கை எடுத்தால் மஞ்சள் ஏறும். கண்டிக்கு அனுப்பினால் அந்த வளைவுப் பாதை முழுக்க விளக்கில்லாமல் போகவேண்டும். நான் புனித அந்தோனியாரிடம் வேண்டினேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை, அவருக்கும் கேட்டிருக்காது, பல்லுத்தான் அடித்தது.

பகல் பார்வை நேரத்துக்கு செல்வம் வந்தான். பெண்சாதியின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நேரே என்னிடம் வந்தான்.

"டிக்கட்ட வெட்டிக் குடுங்க ஐயா. நாங்க கொண்டு போறோம்."

ஆஸ்பத்திரியில் பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு அதுதான் பேச்சு.

"எங்க கொண்டு போவீங்க?"

"வீட்டுக்கு. எளவெயில்ல காட்டிக்கிறோம். எங்கம்மா எங்கள எல்லாம் அப்படித்தான் வளத்துச்சு. இங்க வச்சுக் காய வச்சது போதும்."

"வெயில் பத்தாது செல்வம்."

"அப்ப என்னா, சாகுற வரைக்கும் வாட்டப் போறீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. இரண்டு பயந்தாங்கொள்ளிகள் எதிரெதிரே நின்றோம்.

"செல்வம், ஸ்டோர்ல வாட்டம் கூடிருச்சுன்னா கொழுந்துக்குத் தண்ணி தெளிப்பீங்களா?"

"தெளிச்சா கொழுந்து கெட்டுப்போகும். டீமேக்கர் ஐயா கொன்னு போடுவாரு."

"சரி. கொழுந்துக்கு வாய் இல்ல. உங்க பிள்ளைக்கு இருக்கு."

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"லைட்டு எடுக்குறத நாங்க பால்ல திருப்பிக் குடுக்குறோம். அதுக்குத்தான் நிறுக்குறோம், எவ்வளவு போச்சுன்னு தெரியணும்ல. ஆனா லைட்ட அணைச்சா மஞ்சள் மூளைக்கு ஏறும். அங்க ஏறிருச்சுன்னா யாராலயும் திருப்பிக் குடுக்க முடியாது. நான் பாத்திருக்கேன் செல்வம். அந்தப் பிள்ளைய நான் பாத்திருக்கேன்."

அவன் விளக்கடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான். கண்ணில் கறுப்புத் துணி கட்டி, மூக்கில் குழாயோடு கிடந்தான். நான் பயந்து நின்றது வேறொன்றுக்கு: இவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தடுக்க எனக்குத் தெம்பில்லை.

சிஸ்டர் எப்போது வந்தார் என்று தெரியாது. கையில் ஒரு கதிரை. அந்த வார்டில் பார்வை நேரம் முடிந்தபின் ஒரு ஆண்பிள்ளை நின்றதாகச் சரித்திரமில்லை, என்னைத் தவிர. என்னை அவர் கணக்கில் எடுப்பதில்லை. கதிரையை விளக்குக்குப் பக்கத்தில் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"நீ இங்க இரு. லைட் போனா கூப்பிடு. லைட் பாக்க வேற ஆள் இல்ல."

செல்வம் கதிரையைப் பார்த்தான், சிஸ்டரைப் பார்த்தான், உட்கார்ந்தான். அதன்பின் அவன் கண் விளக்கை விட்டு அகலவில்லை. தமயந்தி மறுபக்கம் இருந்து பால் பீச்சினாள்.

பின்னேரம் இரத்த அறிக்கை வந்தது. டொக்டர் தாளைப் பிடித்துக்கொண்டு சிஸ்டரிடம் சொன்னார். மஞ்சள் ஏறவில்லை. இறங்கவுமில்லை. நின்ற இடத்தில் நிற்கிறது.

"லைட்டு வேலை செய்யுது," என்றார். "ஆனா ஒண்ணுக்குப் போகாம என்னால நம்ப முடியாது சிஸ்டர். சிறுநீரகம் அடி வாங்கியிருந்தா? இருட்ட முந்தி போகலன்னா அம்புலன்ஸ் பொறப்படட்டும்."

வெளியே அம்புலன்ஸ் சாரதி வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பது ஜன்னலில் தெரிந்தது. அந்த மனிதர் பாவம், தன் வேலையைத்தான் செய்தார். எனக்கு அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கவேண்டும் போலிருந்தது.

குழாயில் பால் இறங்கியது. மறுபடி பால். மலையில் வெயில் சாய்ந்தது. பிள்ளை ஒரு முறை முனகினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுருதியைக் கேட்டேன். கூராக இல்லை. ஆனாலும் மெலிந்த சத்தம், கேட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. அவன் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க விளக்குக்கும் அவனுக்கும் நடுவில் தலையை நுழைத்துக் குனிந்தேன்.

அவன் சுட்டான்.

மூத்திரம். வெதுவெதுப்பாக, நேரே என் நெஞ்சில். பிறகு வளைந்து கழுத்துப் பட்டிக்கு வந்தது. நான் துள்ளிப் பின்வாங்கப் போனேன்.

"அசையாதே!" சிஸ்டர் கத்தினார். அந்தப் பெண்மணி கத்தி நான் கேட்டது அன்றுதான். "ஒரு சொட்டும் கீழ விழக்கூடாது! அப்படியே நில்!"

நின்றேன். நெடுநேரம் போலிருந்தது. முடிந்ததும் சிஸ்டர் என் சட்டைப் பொத்தான்களைத் தாமே கழற்றினார். தாய்மார் பார்க்க, தோட்டத்துப் பெண்களும் ஊர்ப் பெண்களும் பார்க்க, மிஸ்ஸி ஐயா பெனியனோடு நின்றான். சிஸ்டர் சட்டையைப் பிள்ளைத் தராசில் போட்டார். முள் நின்றதும், அலுமாரியிலிருந்த என் மாற்றுச் சட்டையை எடுத்து அதையும் தனியே போட்டார். ஈரச் சட்டையிலிருந்து காய்ந்த சட்டையைக் கழித்தால் வருவது பிள்ளையுடையது. டொக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். டொக்டர் வந்து சட்டையை மோந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு ஜன்னலருகே போய்ச் சாரதிக்குக் கையை ஆட்டினார்: வேண்டாம்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, அதனால் சிரித்தேன். சிரித்தால் அழுகை நிற்கும் என்று நினைத்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. தமயந்தி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். சிஸ்டர் திரும்பி நின்று எதையோ எழுதுவதுபோல் நின்றார், கையில் பேனா இல்லை.

"எவ்வளவுங்க?" செல்வம் கேட்டான். கண் இன்னும் விளக்கில்தான்.

சிஸ்டர் நிறையைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"பத்துமாங்களா?"

"இன்னிக்கு இது பத்தும்," என்றேன். "இன்னும் வந்தா நல்லது."

மாற்றுச் சட்டையைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன். செல்வம் கதிரையை விட்டு மெல்ல எழுந்து, பிள்ளையைக் குனிந்து பார்த்து, என் பக்கம் திரும்பினான்.

"மிஸ்ஸி ஐயா, வேற சட்ட ஏதும் இருக்கா?"

"இல்ல. ஏன்?"

"அப்ப இத கழட்டி எடுத்துக்கிட்டு ஓடி வாங்க. மறுபடி போறான்."